புத்தர், மகாவீரர் காலத்து வட இந்தியா: அரசன் இருந்த நாடுகளும் இல்லாத நாடுகளும்

கௌதம புத்தர் ஓர் இளவரசர், அப்பா சுத்தோதனர் பெரிய மன்னர், அரண்மனைச் சுகத்தை எல்லாம் உதறிவிட்டு ஒருநாள் இரவு கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது இதுதான். ஆனால் மன்னர் என்றதும் நம் மனதில் வருகிற உருவம் சுத்தோதனருக்குப் பொருந்தாது. சாக்கியர்களின் கபிலவஸ்துவில், முடிசூடிக்கொண்டு நாட்டை மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போகும் ஒற்றை அரசன் கிடையாது. சாக்கியக் குடும்பத் தலைவர்கள் ஒரு மண்டபத்தில் கூடிப் பேசித்தான் முடிவெடுத்தார்கள். சுத்தோதனர் அவர்களில் முக்கியமான ஒருவர். மகாவீரர் கதையும் அப்படித்தான். வைசாலிக்குப் பக்கத்தில் குண்டகிராமம் என்ற ஊரில், ஞாத்ரிகர் என்ற குலத்தில் பிறந்தவர் அவர். அந்தக் குலமும் தனி அரசனுக்குக் கட்டுப்பட்டதல்ல.

இந்த இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது அரசன் இல்லாத நாடுகளில். அவர்கள் உயிரோடு இருந்த காலத்திலேயே, அரசன் உள்ள நாடுகள் அவற்றை விழுங்க ஆரம்பித்துவிட்டன. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், துறவியர் அமைப்புகளான பௌத்த சங்கமும் சமண சங்கமும் ஏன் அந்த வடிவில் உருவாயின என்பது நன்றாகவே விளங்கும்.

காலக்கணக்கு பற்றி முதலில் ஒரு வார்த்தை. சமண மரபின்படி மகாவீரர் நிர்வாணம் அடைந்தது, அதாவது மறைந்தது, கி.மு. 527. புத்தர் மறைந்த ஆண்டை இலங்கை மரபு கி.மு. 543-544 என்று கொள்கிறது. பழைய வரலாற்று நூல்கள் கி.மு. 483 என்கின்றன. இன்றைய ஆய்வாளர் பலர் அதை கி.மு. 400ஐ ஒட்டிக் கொண்டுவருகிறார்கள். ஆகவே கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகள் என்று பொதுவாக வைத்துக்கொள்வோம்.

காடு வயலாகி, ஊர் நகரமானது

அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் கங்கைச் சமவெளியின் முகமே மாறியிருந்தது. இன்றைய கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காடுகள் அழிந்து நெல் வயல்கள் வந்தன. இரும்புக் கோடரியும் கலப்பையின் இரும்புக் கொழுவும்தான் இதற்குக் காரணம் என்பது ஒரு வலுவான வாதம். நெருப்பு வைத்தே காட்டை அழித்திருக்கலாம், அகழாய்வில் கொழுக்கள் அதிகம் கிடைக்கவில்லையே என்பது எதிர்வாதம். எனக்கு இந்தச் சண்டையைவிட முக்கியமாகப் படுவது நாற்று நடும் முறை. அது வந்த பிறகு ஒரே நிலம் கூடுதல் வாய்களுக்குச் சோறு போட்டது. உழுதவன் சாப்பிட்டது போக மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தின் மேல்தான் படை, வரி, நகரம், வணிகம், துறவியின் பிச்சைப் பாத்திரம் எல்லாமே நின்றன.

ராஜகிருகம், சிராவஸ்தி, கௌசாம்பி, வைசாலி, சம்பா, காசி, உஜ்ஜயினி என்று நகரங்கள் எழுந்தன. சிந்துவெளி நகரங்கள் அழிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு வந்ததால் வரலாற்றாசிரியர்கள் இதை இரண்டாம் நகரமயமாக்கம் என்கிறார்கள். மண்ணைத் தோண்டினால் இந்தக் காலத்துக்கு அடையாளமாகக் கண்ணாடி போல மின்னும் கருப்பு மெருகு மட்பாண்டம் கிடைக்கிறது. நாணயமும் வந்துவிட்டது. கார்ஷாபணம் என்ற வெள்ளிக்காசு, எடை சுமார் 3.4 கிராம், மேலே சூரியன், ஆறு ஆரச் சக்கரம் போன்ற முத்திரைகளைத் தட்டிப் பதித்திருப்பார்கள். அரசனின் பெயரோ தலையோ அதில் இருக்காது.

பாலி மொழியில் உள்ள அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த நூல் 16 மகாஜனபதங்களை, அதாவது பெரிய நாடுகளை, பட்டியலிடுகிறது. வடமேற்கில் காந்தாரம், காம்போஜம். தெற்கில் கோதாவரிக் கரையில் அஸ்ஸகம். நடுவில் மகதம், கோசலம், வத்சம், அவந்தி, காசி, அங்கம் எல்லாம். சமணர்களின் பகவதி சூத்திரத்தில் உள்ள 16 பெயர்ப் பட்டியல் இதிலிருந்து கொஞ்சம் வேறுபடும். பெரும்பாலானவை அரசன் ஆண்ட நாடுகள். வஜ்ஜியும் மல்லமும் அப்படியல்ல. பட்டியலில் இடம்பெறாத சாக்கியர், கோலியர் போன்ற சின்னச் சின்னக் குலங்களும் இமயமலை அடிவாரத்தில் அரசன் இல்லாமலே இயங்கின. இவற்றுக்குக் கணசங்கம் என்று பெயர்.

பங்காளிகளின் நாடு

நம் ஊர்களில் குலதெய்வக் கோயில் விஷயமாகப் பங்காளிகள் கூடிப் பேசுவார்களே, அந்தக் கூட்டத்தின் கையில் வரி, வழக்கு, போர் எல்லாவற்றையும் கொடுத்தால் எப்படி இருக்கும்? கணசங்கம் கிட்டத்தட்ட அப்படிப்பட்டதுதான். ஒரு குலம், அல்லது பல குலங்களின் கூட்டு. நிலம் அந்தக் குலத்துக்குச் சொந்தம். குடும்பத் தலைவர்கள் ‘சந்தாகாரம்’ என்ற பொது மண்டபத்தில் கூடுவார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் ராஜா என்றே அழைக்கப்பட்டார்.

வஜ்ஜிக் கூட்டணியில் லிச்சவிகள்தான் பெரிய கை. அவர்களது வைசாலி இன்றைய பீகாரில், கங்கைக்கு வடக்கே இருக்கிறது. வைசாலியில் 7,707 ராஜாக்கள், அதே எண்ணிக்கையில் துணை ராஜாக்கள், சேனாபதிகள், கருவூலக்காரர்கள் இருந்தார்கள் என்று ஜாதகக் கதை (புத்தரின் முற்பிறவிக் கதை) ஒன்றின் முன்னுரை சொல்கிறது. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆள்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், ஒவ்வொருவருக்கும் சொந்தப் படையும் பொக்கிஷமும் இருந்தது என்பதுதான் அதில் உள்ள சேதி. பதவியேற்பு நீராட்டுக்கு என்று அவர்களுக்கு ஒரு குளம் இருந்தது. பறவைகூட இறங்காதபடி மேலே இரும்பு வலை, சுற்றிலும் காவல். வெளியாள் அதில் கால் நனைக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலத்திலேயே இந்தியாவில் மக்களாட்சி இருந்தது என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் குளமே அதற்குப் பதில் சொல்கிறது. மண்டபத்தில் உட்கார உரிமை க்ஷத்திரியக் குலத்து ஆண்களுக்கு மட்டும். அவர்களின் வயலில் இறங்கி வேலை செய்த தாசர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் (பாலி நூல்களில் ‘தாச கம்மகர’ என்று சேர்த்தே வரும்) அங்கே குரல் கிடையாது. பெண்களுக்கும் கிடையாது.

குலப்பெருமை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு சாக்கியர் கதை ஒன்று இருக்கிறது. கோசல அரசன் பிரசேனஜித் சாக்கியப் பெண்ணைக் கேட்டான். சாக்கியர்கள் ஏற்கெனவே கோசலத்துக்கு அடங்கி இருந்தவர்கள், மறுக்க முடியாது. ஆனால் வெளியாளுக்குப் பெண் கொடுக்கவும் மனசில்லை. மகாநாமன் என்ற சாக்கியத் தலைவருக்கும் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த வாசபகத்தியாவை, குலப்பெண் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அவளுக்குப் பிறந்த விடூடபன் பதினாறு வயதில் தாத்தா வீட்டுக்கு வந்தான். அவன் கிளம்பிப் போனதும், அவன் உட்கார்ந்த பலகையைப் பால் கலந்த தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். கழுவியதும் ஓர் அடிமைப் பெண்தான். அவள் திட்டிக்கொண்டே கழுவியது, மறந்துவைத்த ஆயுதத்தை எடுக்கத் திரும்பி வந்த வீரன் ஒருவன் காதில் விழுந்தது. பின்னாளில் விடூடபன் அரசனாகி சாக்கியர்களை அழித்தான் என்று கதை முடிகிறது. கதையில் கூட்டல் குறைச்சல் இருக்கலாம். கணசங்கங்களுக்குள் ரத்தத் தூய்மை எப்படிப் பார்க்கப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

மகதம் என்ற இயந்திரம்

இப்போது கங்கையைத் தாண்டித் தெற்கே வருவோம். மகதத்தின் தலைநகர் ராஜகிருகம் ஐந்து மலைகளுக்கு நடுவில் இருந்தது. மலை முகடுகளில் பெரிய பெரிய கற்களை அடுக்கிக் கட்டிய சுவர் சுமார் 40 கிலோமீட்டர் ஓடியது. அதன் பகுதிகளை இன்றும் ராஜ்கிரில் பார்க்கலாம். தெற்கே இரும்புத் தாது, காட்டில் யானைகள், வடக்கே கங்கை என்ற நீர்வழி, சுற்றிலும் நெல் விளையும் வண்டல். ஓர் அரசு வளர்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பிம்பிசாரன் இதை நன்றாகப் பயன்படுத்தினான். கோசல இளவரசியை மணந்தான். அவளுடைய குளியல் செலவுக்கு என்று காசி நாட்டுக் கிராமம் ஒன்றின் வருமானம் சீதனமாக வந்தது. சமண மரபின்படி லிச்சவித் தலைவர் சேடகரின் மகள் செல்லணாவையும் மணந்தான். (மகாவீரரின் தாய் திரிசலை இதே சேடகரின் சகோதரி. இந்த வட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு.) கிழக்கே அங்க நாட்டை வென்று சம்பா என்ற ஆற்றுத் துறைமுகத்தைப் பிடித்தான். குலத்தின் தயவை எதிர்பார்க்காத, சம்பளம் வாங்கும் படை அவனிடம் இருந்தது. சம்பளத்துக்கு வரி வேண்டும், வரிக்கு நிலம் வேண்டும், நிலத்துக்குப் படை வேண்டும். இந்தச் சுற்றுக்குள் நுழைந்த அரசு விரிந்துகொண்டே போகும். கணசங்கத்தால் அப்படி விரிய முடியாது, ஏனென்றால் புதிதாகப் பிடித்த ஊர்க்காரன் பங்காளி ஆக முடியாது.

மகன் அஜாதசத்ரு அப்பாவைச் சிறையில் அடைத்து ஆட்சிக்கு வந்தான். பிம்பிசாரன் எப்படி இறந்தான் என்பதைப் பௌத்தர்கள் ஒருவிதமாகவும் சமணர்கள் ஒருவிதமாகவும் சொல்கிறார்கள். சிறை என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அஜாதசத்ருவின் கண் அடுத்து வஜ்ஜியின் மேல் விழுந்தது. புத்தரின் கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிப்பான சுத்தம் என்ற நூலின் தொடக்கமே இதுதான். அமைச்சர் வஸ்ஸகாரன் புத்தரிடம் வந்து, வஜ்ஜிகளைப் பூண்டோடு அழிக்க அரசர் எண்ணுகிறார் என்கிறான். புத்தர் நேரடியாக அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்று விசிறிக்கொண்டிருந்த சீடர் ஆனந்தரைப் பார்த்துக் கேட்கிறார்: வஜ்ஜிகள் அடிக்கடி கூடிப் பேசுகிறார்களா? ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைகிறார்களா? பழைய சட்டத்தை மீறாமல் நடக்கிறார்களா? மூத்தோர் சொல் கேட்கிறார்களா? பெண்களைப் பலவந்தமாகத் தூக்கிப் போகாமல் இருக்கிறார்களா? தங்கள் சேத்தியங்களை (வழிபாட்டு இடங்களை) போற்றுகிறார்களா? அருகர்களுக்கு (ஞானம் அடைந்த துறவிகளுக்கு) பாதுகாப்புத் தருகிறார்களா? ஏழுக்கும் ஆனந்தர் ஆம் என்கிறார். இவை இருக்கும்வரை வஜ்ஜிகளுக்கு வளர்ச்சிதான், வீழ்ச்சி இல்லை என்கிறார் புத்தர். வஸ்ஸகாரன் புத்திசாலி. சரி, போரில் முடியாது, உள்ளே பிளவு உண்டாக்கினால்தான் உண்டு என்று புரிந்துகொண்டு போகிறான்.

அவன் போன கையோடு புத்தர் செய்ததுதான் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்கவைக்கும் இடம். ராஜகிருகத்தைச் சுற்றியுள்ள துறவிகளை எல்லாம் கூட்டச் சொல்கிறார். அடிக்கடி கூடுங்கள், ஒற்றுமையாகக் கலையுங்கள், வகுத்த விதிகளை மாற்றாதீர்கள், மூத்த பிக்குகளை மதியுங்கள் என்று அதே பாணியில் சங்கத்துக்கும் ஏழு நிபந்தனைகளைச் சொல்கிறார். ஒரு நாட்டின் அழிவு கண்முன்னே நெருங்குகிறது. அந்த நாடு இயங்கிய விதத்தைத் தம் துறவியர் கையில் ஒப்படைக்கிறார். அப்படித்தான் நான் இதைப் படிக்கிறேன்.

போர் வந்தது. சமண நூல்கள் இதை விரிவாகவே சொல்கின்றன. சேசனகம் என்ற யானையையும் ஒரு மாலையையும் எடுத்துக்கொண்டு அஜாதசத்ருவின் தம்பிகள் தாத்தா சேடகரிடம் ஓடினார்கள். அவர் திருப்பித் தர மறுத்தார். 9 மல்லர், 9 லிச்சவித் தலைவர்கள் அவர் பக்கம் நின்றார்கள். அஜாதசத்ரு கல்லெறியும் மகாசிலாகண்டகம், தண்டம் சுழலும் தேரான ரதமுசலம் என்ற இரண்டு புதுப் பொறிகளைக் களத்தில் இறக்கினான். பௌத்த உரைகளோ, நாடு கடத்தப்பட்டதுபோல் நடித்து வைசாலிக்குள் நுழைந்த வஸ்ஸகாரன், மூன்று ஆண்டுகளில் லிச்சவிகளை ஒருவருக்கொருவர் பேசாதவர்களாக ஆக்கிவிட்டான் என்கின்றன. எதிரி வந்தபோது முரசு அடித்தும் மண்டபத்துக்கு யாரும் வரவில்லையாம். வஜ்ஜியைத் தடுக்க கங்கைக்கரையில் பாடலிகிராமத்தில் மகத அமைச்சர்கள் எழுப்பிய கோட்டைதான் பிறகு பாடலிபுத்திரம் ஆனது. இன்றைய பாட்னா.

தெருவில் யார் யார் இருந்தார்கள்

இதே அஜாதசத்ரு ஒரு பௌர்ணமி இரவில் மருத்துவர் ஜீவகனின் மாந்தோப்பில் புத்தரைப் பார்க்க வந்து ஒரு கேள்வி கேட்கிறான். யானை வீரர், குதிரை வீரர், வில்லாளர், சமையல்காரர், நாவிதர், பூக்கட்டுபவர், வண்ணார், நெசவாளர், கூடை முடைபவர், குயவர், கணக்கர் எல்லோரும் தங்கள் தொழிலின் பலனை இங்கேயே அனுபவிக்கிறார்கள். துறவுக்கு அப்படிக் கண்ணுக்குத் தெரிகிற பலன் உண்டா? நகரத்துத் தெருவையே ஓர் அரசன் வாயால் கேட்கிறோம். புத்தர் சொல்லும் உதாரணமும் கவனிக்க வேண்டியது. முதலில், உங்கள் அடிமை ஒருவன் துறவியானால் அவனைத் திரும்ப அழைத்து வேலை வாங்குவீர்களா என்று கேட்கிறார். இல்லை, நானே எழுந்து வணங்குவேன் என்கிறான் அரசன். அடுத்து, வரி கட்டி அரசனின் குவியலைப் பெருக்கும் உழவன் துறவியானால்? அதற்கும் அதே பதில்.

நடைமுறை அவ்வளவு தாராளமாக இல்லை. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயபிடகத்தில் சங்கத்தில் சேர்வதற்கான விதிகள் எப்படி வந்தன என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறது. எல்லையில் கலகம் வந்தபோது பிம்பிசாரனின் வீரர்கள் சிலர் போருக்குப் போகாமல் மொட்டை அடித்துக்கொண்டார்கள். அரசன் முறையிட்டான், அரச சேவகர்களைச் சேர்க்கக் கூடாது என்று விதி வந்தது. கடன்காரன் ஒருவன் தப்பி வந்து சேர்ந்தான். கடனாளியைச் சேர்க்கக் கூடாது என்று விதி. அடிமை ஒருவன் ஓடிவந்து சேர்ந்தான், அடிமைக்கும் தடை. இன்றும் இலங்கையிலும் தாய்லாந்திலும் உபசம்பதையின்போது, அதாவது முழுத் துறவு கொடுக்கும் சடங்கின்போது, நீ சுதந்திர மனிதனா, கடன் இல்லாதவனா, அரச சேவகம் இல்லையா என்று பாலியில் கேட்கிறார்கள். ஒரு புது இயக்கம் அரசனோடும் வட்டிக்காரனோடும் அடிமை வைத்திருந்தவனோடும் செய்துகொண்ட சமரசம் இது. அடிமைக்கு மூடிய கதவு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஆனால் கதவுக்கு உள்ளே போனவர்களின் கதை வேறு. சாக்கியக் குமாரர்கள் ஆறு பேர் துறவு கேட்டு வந்தபோது கூடவே அவர்களின் நாவிதர் உபாலியும் வந்தார். எங்கள் கர்வம் அடங்கட்டும், இவருக்கு முதலில் துறவு கொடுங்கள் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். சங்கத்தில் முந்தி வந்தவரே மூத்தவர். எனவே குமாரர்கள் நாவிதரின் காலில் விழ வேண்டும். பலகையைப் பால்விட்டுக் கழுவிய அதே குலம்! அந்த உபாலிதான் பிறகு விநயத்தில் தலைசிறந்தவராக மதிக்கப்பட்டார்.

பணம் வந்த கைகளும் புதியவை. சிராவஸ்தி வணிகர் அனாதபிண்டிகர் ஜேதவனத்தை வாங்க, தரை முழுக்கக் காசைப் பரப்பினார் என்பது புகழ்பெற்ற கதை. பார்ஹுத் என்ற இடத்துப் பௌத்தத் தூபியின் சிற்பத்தில் மாட்டு வண்டியிலிருந்து காசை இறக்குவதைச் செதுக்கியிருக்கிறார்கள். சமண நூலில் சத்தாலபுத்தன் என்ற குயவர் வருகிறார். 500 மட்பாண்டக் கடைகள் வைத்திருந்த பெரிய ஆள். எல்லாம் விதிப்படியே நடக்கும், முயற்சியால் ஒன்றும் இல்லை என்ற ஆசீவகக் கொள்கைக்காரர். மகாவீரர் காயவைத்த பானைகளைக் காட்டி, இவை முயற்சியால் ஆனவையா என்று கேட்கிறார். இல்லை என்கிறார் குயவர். சரி, ஒருவன் வந்து இவற்றைத் திருடினால், உடைத்தால்? அடிப்பேன் என்கிறார். எல்லாம் விதி என்றால் அவனை ஏன் அடிக்க வேண்டும் என்கிறார் மகாவீரர். ஒரு குயவரின் களத்தில் தத்துவம் பேசப்பட்ட காலம் அது. ஆசீவகர், சமணர், பௌத்தர் வாதம் பிறகு தமிழுக்கும் வந்தது, மணிமேகலையில் பார்க்கலாம். நம் குண்டலகேசியின் மூலக்கதைக்காரியும் ராஜகிருகத்து வணிகர் மகள்தான். முதலில் சமணத் துறவி. ஊர் வாசலில் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டு, என்னோடு வாதிட வருபவர் இதை மிதிக்கட்டும் என்று சவால் விட்டுத் திரிந்தவர், கடைசியில் புத்தரின் சீடர் சாரிபுத்தரிடம் தோற்று பிக்குணி (பௌத்தப் பெண் துறவி) ஆனார்.

மண்டபம் போனாலும் முறை நின்றது

சங்கத்தின் உள்வேலையைப் பார்த்தால் கணசங்கத்தின் சாயல் நன்றாகத் தெரியும். தலைமைக் குரு என்று ஒருவரை புத்தர் தமக்குப் பின் நியமிக்கவில்லை. எந்தக் காரியத்துக்கும் முதலில் தீர்மானத்தை முன்வைக்க வேண்டும்; முக்கியமான விஷயம் என்றால் மூன்று முறை அறிவித்து ஆட்சேபம் கேட்க வேண்டும். சாதாரணக் காரியங்களுக்குக் குறைந்தது 4 பிக்குகள், துறவு கொடுக்க 10 பேர், எல்லைப்புற நாடுகளில் 5 பேர் இருந்தாலே போதும். நோயாளி வர முடியாவிட்டால் சம்மதத்தைச் சொல்லி அனுப்பலாம். தகராறு தீராவிட்டால் சலாகை என்ற குச்சிகளைக் கொடுத்து வாக்கெடுப்பு. ரகசியமாகவும் நடத்தலாம், காதோடு காதாகவும் நடத்தலாம், வெளிப்படையாகவும் நடத்தலாம். இந்த நடைமுறைகளை எல்லாம் சாக்கிய மண்டபத்திலிருந்தும் லிச்சவி மண்டபத்திலிருந்தும் எடுத்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள்.

சோறும் இடமும் அரசனும் வணிகனும் கொடுத்தது. உள்ளே நடந்த முறை அரசன் இல்லாத நாட்டுடையது. ஒரே அமைப்புக்குள் இரண்டும் இப்படிச் சேர்ந்துகொண்டன.

லிச்சவிகள் அத்துடன் காணாமல் போய்விடவில்லை. சுமார் எட்டு நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. 4ஆம் நூற்றாண்டில், குப்த அரசன் முதலாம் சந்திரகுப்தன் லிச்சவிப் பெண் குமாரதேவியை மணந்தான். குப்தர்களின் தங்கக் காசு ஒன்றில் லிச்சவிகளின் பெயரே பொறிக்கப்பட்டது. அவர்கள் மகன் சமுத்திரகுப்தன் அலகாபாத் தூண் கல்வெட்டில் தன்னை லிச்சவிகளின் மகள் வயிற்றுப் பேரன் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறான். அதே கல்வெட்டில், தனக்குத் திறை கட்டியவர்களின் வரிசையில் மாளவர், யௌதேயர், ஆர்ஜுனாயனர் என்று மேற்கில் எஞ்சியிருந்த கணங்களின் பெயர்களும் இருக்கின்றன. குப்தர் காலத்துக்குப் பிறகு வட இந்திய அரசியலில் கணங்களைப் பற்றிய பேச்சே அநேகமாக இல்லை.